கத்திக்கு முன்னால்

புதர் வெட்டும் கத்தியில் ஏதோ துணி சிக்கியதும் தண்டபாணி இயந்திரத்தை நிறுத்திவிட்டான். குனிந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வெள்ளத்துரை ஓடிவந்து இழுத்துப் பார்த்தார். மக்கிப்போன கோணிப்பை. காறித் துப்பிவிட்டு, மேலே ஓட்டச் சொன்னார்.

திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூர் போகிற ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த தரிசு அது. ஆள் உயரத்துக்கு நாணலும் உண்ணி முள்ளும் மண்டியிருந்தன. கொலை வழக்கில் தேடப்பட்ட ரகுபதி உள்ளே பதுங்கியிருப்பதாகப் போலீசுக்குத் துப்பு கிடைத்திருந்தது. முள்ளுக்குள் நுழைந்து தேட யாருக்கும் மனமில்லை. மூன்று பக்கமும் ஆளை நிறுத்திவிட்டு, நாலாவது பக்கத்திலிருந்து புதரையே வெட்டிக்கொண்டு போவது என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்தார்.

யுத்தம் முடிந்தபோது பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் விட்டுப்போன பெட்ரோல் இயந்திரம் அது. இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு கைப்பிடி, முன்னால் தரையை ஒட்டி ஓடும் பல் பல்லான கத்தி. அதைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியவன் தண்டபாணி. காலையில் கொருக்குப்பேட்டை ஷெட்டுக்குப் போலீஸ் லாரி வந்து, எங்கே என்றுகூடச் சொல்லாமல் இயந்திரத்தோடு அவனையும் ஏற்றிக்கொண்டது.

லாரி நின்றது அவனுக்குத் தெரிந்த இடத்தில். ரகுபதியும் அவனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். முந்தின நாள் அந்தியில், ரகுபதியின் பெண்சாதி மங்கம்மா கட்டிக்கொடுத்த சோற்றை இதே புதருக்குள் கொண்டுபோய்க் கொடுத்தவனே தண்டபாணிதான்.

மில் வாசலில் வேலைநிறுத்தம் நடந்த அன்று, தடியடியில் ஒரு தொழிலாளி மண்டை உடைந்து செத்துப்போனான். ரகுபதி எறிந்த கல் பட்டுத்தான் செத்தான் என்று போலீஸ் வழக்கு எழுதியது. பிடிபட்டால் தூக்குதான் என்று ஊரே பேசிக்கொண்டது. அன்று அந்த வாசலில் தடியோடு நின்றவர்களில் ஏட்டு அருள்பிரகாசமும் ஒருவர். இன்றைக்கு வெட்டிய முள்ளை அள்ளிப்போடும் கூலியாட்களை மேய்க்கிற வேலை அவருக்கு.

தண்டபாணி முடிந்தமட்டும் மெதுவாக நடந்தான். ரகுபதிக்குக் கேட்கட்டும் என்று என்ஜினை வேண்டுமென்றே உறும விட்டான். ஆனால் அந்தப் பக்கம் ஓட வழியில்லை, சுற்றிலும் போலீஸ் நிற்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். கத்திக்கு முன்னால் அசைகிற ஒவ்வொரு நாணலும் ரகுபதியின் காலாகவே தெரிந்தது. வடிவுடையம்மனை வேண்டிக்கொண்டே நடந்தான். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

உச்சி வெயிலில் புழுதி கண்ணை மறைத்தது. ஏட்டு கூலியாட்களை முகத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு, வேர் பின்னிக்கிடந்த ஓர் இடத்தில் கத்தி ஓடாமல் திணறியபோது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவரே புதருக்குள் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் முள்கட்டுகளைத் தலையில் சுமந்தபடி அவர்கள் வெளியே வந்தார்கள். உள்ளே ஓர் உடும்புதான் இருந்தது என்று இன்ஸ்பெக்டரிடம் ஏட்டு சொன்னார்.

வெயில் சாய்ந்தபோது, அந்தக் கோடியில் ஒரு வீட்டளவு புதர்தான் மிச்சமிருந்தது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே வரச் சொல்லிக் குரல் கொடுத்தார். யாரும் வெளியே வரவில்லை.

தண்டபாணி என்ஜினை அணைத்துவிட்டான்.

“நா ஓட்ட மாட்டேன் சார். உள்ள மன்சன் இருந்தா காலு துண்டாப் பூடும்.”

“போனாப் போவுது. நீ ஓட்டுலே.”

அவன் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை அவன் பக்கம் திருப்பினார். என்ஜின் மறுபடி உறுமியது. தண்டபாணி கண்களை இறுக மூடிக்கொண்டு தள்ளினான். கத்தி நாணலை அறுக்கிற சத்தம் தவிர வேறு எந்தச் சத்தமும் கேட்டுவிடக் கூடாதே என்று அவன் உதடுகள் முணுமுணுத்தன.

வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. சக்கரம் வெறும் மணலில் இறங்கியபோதுதான் அவன் கண்ணைத் திறந்தான். ஒருவன் படுத்திருந்த தடம் மட்டும் நாணலில் நசுங்கிக் கிடந்தது. மொத்தத் தரிசும் மொட்டையாகிவிட்டது. ஆள் இல்லை.

இன்ஸ்பெக்டருக்கு முகம் செத்துவிட்டது. விடிவதற்குள்ளேயே நழுவியிருப்பான், பாலத்துப் பக்கம் மடக்கலாம் என்று கத்திக்கொண்டே ஜீப்பில் ஏறினார். போலீஸ்காரர்கள் லாரியில் தாவி ஏறிப் பின்னாலேயே போனார்கள்.

தண்டபாணி மணலில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். எப்போது போனான், எந்த வழியாகப் போனான் என்று ஒன்றும் விளங்கவில்லை. போய்விட்டான், அது போதும்.

அவனுக்குப் பின்னால், கடைசி முள்கட்டைச் சுமந்துகொண்டு ஒரு கூலியாள் ரோட்டை நோக்கி நடந்தான். ஏட்டு அருள்பிரகாசம் அவன் பக்கத்தில் போய், முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னார்:

“ரகுபதி, பாலத்தாண்ட ஜீப்பு நிக்குது. கடலோரமா பூடு.”