ஏஸும் ஜாக்கியும்

கைக்கு வந்த இரண்டு சீட்டுகளின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தான் சின்ன மாப்பிள்ளை. ஏஸ். ஜாக்கி.

இதுதான் கடைசி ஆட்டம். அவன் முன்னாலும் சகலை முன்னாலும் சட்டைப் பொத்தான்கள் சரிசமமாகக் குவிந்திருந்தன. ஆட்டம் முடியும்போது யாரிடம் அதிகப் பொத்தான் இருக்கிறதோ, அவருக்கு மாமனாரின் சாம்பல் கிளி. கூண்டோடு.

"என்ன மாப்பிள்ளை, முகம் வெளுத்துப்போச்சு? பெரிய கையா?" என்றார் மாமனார். முப்பது வருஷம் கப்பலில் சமைத்தவர். போக்கர் அங்கே கற்றது.

"ஒண்ணுமில்லை மாமா. வெயில்."

"ஃபேனை அணைச்சாச்சா?" என்று மாமியாரின் குரல் கேட்டது. மாமியார் எதிரே வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டது கிளி.

அவன் தோற்க வேண்டும். தோற்றே ஆக வேண்டும். நாவல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. படுக்கையறை அலமாரியில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்து வாசிப்பான்.

போன மாதம் இந்தக் கிளி ஒரு வாரம் விருந்தாளியாக வந்தது. காதலி கண்ணீரோடு விடைபெறும் கட்டத்தில், 'ஃபேனை அணைச்சாச்சா?' என்று கேட்டது. பதிப்பகத்தில் அதைக் கவனிக்காமல் வெளியிட்டுவிட்டார்கள். இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"கிளியோட வந்தீங்கன்னா, நீங்களும் அதுவும் அந்த அலமாரியிலேயே குடித்தனம் பண்ணிக்குங்க" என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள் மனைவி.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான். மாமனார் வீட்டைக் காலி செய்கிறார். மூன்று மாடி ஏற மாமியாரின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "நாங்க போற இடத்துக்கு இது வராது. யார் வெச்சுக்கிறீங்க?" என்று அவர் கேட்டதும், "நான்தான் மாமா" என்று முந்திக்கொண்டார் சகலை. "அதெப்படி? நான்தான்" என்று இவனும் வீம்புக்குச் சொல்லித் தொலைத்தான். மரியாதைப் போட்டி சீட்டாட்டத்தில் வந்து நின்றது.

வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால் மாமனார் கண்டுபிடித்துவிடுவார். மட்டமான சீட்டு வந்திருந்தால் கௌரவமாகக் கவிழ்த்துவிட்டு ஆட்டத்திலிருந்து விலகியிருக்கலாம். இரண்டும் ஏஸாக வந்திருந்தால் தலையெழுத்து என்று ஆடியிருக்கலாம். இது இரண்டிலும் சேராத கை. போட்டோவில் பார்த்த மாப்பிள்ளை மாதிரி. கம்பீரமாகத்தான் இருக்கும், நேரில் வந்து நின்றால்தான் உயரம் தெரியும்.

சகலை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பதற்றம் வந்தால் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். இப்போது மேஜைக்கடியில் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தார்.

"மொத்தமும்" என்று பொத்தான் குவியலை நடுவே தள்ளினார் சகலை.

அடப்பாவி மனுஷா! அவர் கையில் ஒன்றுமே இல்லை. நான் சரிக்குச் சரி வைத்து, அள்ளிக்கொண்டு, கிளியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று பார்க்கிறார்.

"உங்க அபார்ட்மென்ட்ல லிஃப்ட் ஓடுதா மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

அவன் கூண்டைப் பார்த்தான். ஆள் உயரம் இருந்தது. "ஓடுது அத்தை" என்று உண்மையைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தான். பெருமூச்சு விட்டான். பிறகு இரண்டு சீட்டையும் எல்லோருக்கும் தெரியும்படி காட்டிவிட்டுக் கவிழ்த்தான்.

"ஏஸ்-ஜாக்கியை நம்பி மொத்தத்தையும் வைக்கக் கூடாது மாமா. சகலை இவ்வளவு தெம்பாத் தள்ளுறார்னா ஏஸும் ராணியும் இருக்கும், இல்லைன்னா ஜோடி ராஜா இருக்கும். ரெண்டாவது நல்ல கைதான் ஆளைச் சாய்க்கும்."

"ஐயையோ, சகலை! இன்னொரு தரம் யோசிங்க! ஏஸ்-ஜாக்கியைப் போய் யாராவது கீழே போடுவாங்களா?" என்று கெஞ்சினார் சகலை.

"போட்டாச்சு சகலை."

ஆட்டம் தொடங்கும்போது ஆளுக்கு இரண்டாக நடுவில் வைத்த பொத்தான்கள் சகலையிடம் போயின. கூடவே கிளியும்.

மாமனார் சகலையின் சீட்டுகளைத் திருப்பினார். இரண்டு, ஏழு. விழுந்து விழுந்து சிரித்தார். "இதை வெச்சுக்கிட்டா மொத்தத்தையும் தள்ளினீங்க? கிளி மேல அவ்வளவு உசிரா மாப்பிள்ளை!"

சகலை சிரிக்க முயன்றார். வாய் ஒரு பக்கம்தான் போனது. "ஃபேனை அணைச்சாச்சா?" என்று புது எஜமானரைக் கேட்டது கிளி.

சின்ன மாப்பிள்ளை மேஜைக்கடியில் போனை எடுத்து மனைவிக்கு ஒரே வார்த்தை அனுப்பினான்: தப்பிச்சோம்.

மாமனார் சீட்டுக்கட்டை அடுக்கினார். "ஏஸ்-ஜாக்கியைக் கையில வெச்சுக்கிட்டுக் கீழே போட்ட ஆளைக் கப்பல்ல ஒருத்தனைக்கூட நான் பார்த்ததில்லை. எவ்வளவு பொறுமை! என்ன சொல்றே?"

"நான்தான் மொதல்லயே சொன்னேனே" என்றார் மாமியார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

மாமனார் எழுந்து வந்து சின்ன மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

"கிளி அங்கே போகட்டும் மாப்பிள்ளை. நாங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுக்கே வந்துடறோம்."