பட்டாணி இல்லாத கேசரோல்

கதவுத் துவாரத்தில் வலது கண்ணை ஒட்டவைத்து, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான் குட்டி. இஸ்திரி போட்ட நீலச் சட்டை, அளவுக்கு மீறிய சென்ட், கையில் ஒரு கொத்துப் பூ. வியாழக்கிழமை என்பதால் அரை நாள் லீவு போட்டுவிட்டு, நாலு மணியிலிருந்தே இந்தக் காவல்.

இன்றைக்கு எப்படியும் அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

குட்டி என்றால் குழந்தை இல்லை. ஆறடி உயரம், இருபத்தொன்பது வயது, கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்லும் உத்தியோகம். வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்த பாவத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மூன்று மாதம் முன்பு தனி வீடு பார்த்துக் கிளம்பியபோது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கறாராகச் சொன்னான்.

"நான் வளந்துட்டேன்மா. இனிமே எனக்குச் சமைச்சு அனுப்பவே கூடாது. சத்தியம் பண்ணு."

"நீ துரும்பா இளைச்சாலும் ஏன்னு கேக்க மாட்டேன். சத்தியம். போதுமா?" என்று மூக்கைச் சிந்தினாள் அம்மா.

அப்பா வாயே திறக்கவில்லை. புது வீட்டின் குளியலறைத் தரையை ஒரு பார்வை பார்த்தார், முகம் சுளித்தார். மறுநாளே சாமான்களோடு வந்து, பழையதைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் அவர் தொழில்.

தனிக் குடித்தனம் முதல் வாரமே பல்லை இளித்தது. பால் பொங்கி வழிந்தது, முட்டை கருகியது, ரொட்டியில் பூஞ்சை பூத்தது. இரண்டாவது வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தவன், வாசலில் துணி சுற்றிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றைப் பார்த்தான்.

உள்ளே ஆவி பறக்கும் கேசரோல். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி அடுக்கி, நடுவே கேரட் தூவி, பாலும் சீஸும் ஊற்றி ஓவனில் வேகவைத்தது. நின்றபடியே பாதியைக் காலி செய்த பிறகுதான் கவனித்தான், அதில் ஒரு பட்டாணிகூட இல்லை.

பட்டாணிக்கும் அவனுக்கும் ஜென்மப் பகை. சின்ன வயதில் அம்மா வைக்கும் பட்டாணியையெல்லாம் மேசைக்கு அடியில் அப்பா கைக்குக் கடத்துவான். அவர் சுவரைப் பார்த்தபடியே மென்று முழுங்கிவிடுவார்.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டான்.

"இது உன் வேலைதானே?"

"எதுடா? சத்தியம் பண்ணிட்டு மீறுவேனா நான்? வியாழக்கிழமை தையல் கிளாஸ் எடுக்கப் போனா, நான் வீடு திரும்பவே ராத்திரியாகுது!"

பொய் சொன்னால் அம்மாவுக்குக் குரல் கம்மிவிடும். அன்று கணீரென்று இருந்தது.

அப்படியென்றால் யார்? சந்தேகமே இல்லை, எதிர் வீட்டுப் பல் டாக்டர். வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. படியில் பார்த்தால் சிரிக்கவேறு செய்வாள்.

ஆதாரம் பாத்திரத்திலேயே இருந்தது. உருளைக்கிழங்கு வட்டங்கள் நூல் பிடித்தாற்போல் வரிசையாக இருந்தன. ஓரத்தில் இடம் போதாத இடத்தில் பாதியாக வெட்டி, இடுக்கே தெரியாமல் பொருத்தியிருந்தது.

"பல்லு கட்டுற கைக்குத்தான்கா இந்த நேர்த்தி வரும்," என்றான், கூட வேலை பார்க்கும் அக்காவிடம்.

"நேர்ல போய்க் கேட்டுடேன்."

"வெக்கப்பட்டு நிறுத்திட்டாங்கன்னா? சாப்பாடும் போச்சு, காதலும் போச்சு!"

அம்மா சமைத்துப் போட்டால் அவன் குழந்தை, வேறொருத்தி சமைத்துப் போட்டால் பெரிய மனுஷன். அவன் கணக்கு அப்படி. ஆகவே வாராவாரம் பாத்திரத்தைப் பளபளவென்று கழுவி, உள்ளே ஒரு சீட்டும் போட்டு வாசலில் வைத்தான். பாத்திரமும் சீட்டும் மாயமாகும், மறு வியாழன் பாத்திரம் நிறைந்து வரும்.

முதல் சீட்டில் 'நன்றி' என்று மட்டும் எழுதினான். மூன்றாவதில் 'அமிர்தம்!' ஆறாவதில் 'இந்த விரல்களைப் பார்க்கத் துடிக்கிறேன்.' போன வாரம் துணிந்தே விட்டான்: 'இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுக்க நடக்க ஆசை. சம்மதமா?'

அதற்கப்புறம் ஒரு வாரமாகத் தலைகால் புரியவில்லை. கண் நன்றாகத் தெரிந்த ஒருவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்து, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இதோ, படியில் காலடிச் சத்தம். சட்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி துவாரத்தில் கண்ணைப் பதிப்பதற்குள் வந்த உருவம் குனிந்துவிட்டது. தரையில் கண்ணாடிப் பாத்திரம் 'டங்' என்றது.

படாரென்று கதவைத் திறந்தான். பார்க்கத் தைரியமில்லாமல் கண்களை இறுக மூடிக்கொண்டு பூங்கொத்தை நீட்டினான்.

"சம்மதமா?"

ஒரு கை பூவை வாங்கிக்கொண்டது. இன்னொரு கை அவன் கையைப் பற்றியது. காய்த்துப்போன, சொரசொரப்பான கை. குட்டி மெல்லக் கண்ணைத் திறந்தான். நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சிமென்ட்.

"இந்தக் கையைப் பிடிச்சுத்தானேடா நடக்கவே பழகுனே? சத்தியம் பண்ணினது உங்கம்மா... நான் இல்லையே!"