அக்காவின் தாள்
டாக்டரின் அறையில் தையல்காரியின் மடிமேல் இரண்டு தாள்கள். ஒன்று, அக்காவுக்கு வெளிநாட்டில் அரசாங்கமே இலவசமாகச் செய்துகொடுத்த மரபணுச் சோதனை. அம்மாவைக் கொண்டுபோன புற்றுநோயை வரவைக்கும் மரபணுக் கோளாறு அக்காவுக்கும் இருக்கிறது. இங்கே அந்த முழுச் சோதனையின் விலை இவளுக்கு எட்டாக்கனி. மரபணுவில் அக்காவின் தாள் காட்டிய ஓர் இடத்தை மட்டும் இவளுக்குப் பார்த்திருக்கிறார்கள்; அதன் முடிவுதான் இரண்டாவது தாள். "உங்களுக்கு அது இல்லம்மா. உங்க வழியா உங்க பொண்ணுக்கும் போகாது" என்கிறார் டாக்டர். கழுத்திலிருந்து கழற்ற மறந்த அளவு டேப்பை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள். செய்தி கேட்டுக் கைபேசியில் அக்கா சிரிக்கிறாள். "அம்மா உனக்கு அந்தச் சப்ப மூக்க மட்டும் குடுத்திருக்காடி!" "ஆனா, உனக்கு..." என்று இவள் இழுக்கிறாள். "என்னைப் பாக்கத்தான் இங்க வருஷாவருஷம் ஸ்கேன் இருக்கே. நீ போய் மெஷின மிதி." இவள் சப்பை மூக்கைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் தாளை முதலில் எடுத்து, தைத்து முடித்த துணியைப்போல ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கிறாள்.