குழல் மட்டும் கேட்கவில்லை

“ஊஹூம். குழல் இன்னும் கேக்கலை, மாஸ்” என்றாள் மர்த்தியா.

அவள் கணவர் தர்சோனோ பாட்டை நிறுத்தினார். திருப்புளியை எடுத்து, காலையில்தான் முடுக்கிய திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வைக்க உதவிக்கு வந்திருந்த, அவர்களை ‘பாக்’, ‘இபு’ என்று அப்பா, அம்மா போலக் கூப்பிடும் பக்கத்து வீட்டுச் சமிரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

குழல் கேட்டதே! கித்தாரும் குழலும் கலந்த குரோன்சோங் பாட்டின் நடுவே, நெல்வயலுக்கு அப்பாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி வந்ததே! சாயங்கால வெயிலில் மரத்தூள் மிதந்துகொண்டிருந்த கூடம் முழுக்க அந்தக் குழல்தானே நிரம்பியிருந்தது!

இது மூன்றாவது ஸ்பீக்கர் பெட்டி. முதல் பெட்டி பிளைவுட். குழல் கேட்கவில்லை என்றாள், பிரித்தார். அடுத்தது, பழைய கட்டிலை அறுத்துத் தேக்கில் செய்தது. அதற்கும் அதே பதில். இப்போது பலா மரம். இலவம்பஞ்சைத் தானே கொட்டை எடுத்து உள்ளே அடைத்து, மூட்டுகளில் இம்மி இடைவெளி இல்லாமல் பசை வைத்து, விரல் நுனி சிவக்கச் சிவக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது.

சர்க்கரை ஆலையில் ஆயுசெல்லாம் உழைத்து ஓய்ந்த மனுஷன். ஆசையாய் ஒரு பெட்டி செய்தால், ‘நல்லாயிருக்கு’ என்று சொல்ல அந்தம்மாவுக்கு வாய் வராதாம். தெருவே பேசிக்கொண்டிருந்தது.

மர்த்தியா எழுந்து அடுப்படிக்குப் போனாள். சமிரானும் பின்னாலேயே போனான்.

“கோவிச்சுக்காதீங்க இபு. உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

அவள் வாழைப்பழத் துண்டை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டாள். “ஏன், என்ன ஆச்சு?”

“குழல் தெருமுனை வரைக்கும் கேக்குது. பள்ளிவாசலுக்குப் போறவங்ககூட நின்னு கேட்டுட்டுப் போறாங்க. உங்களுக்கு மட்டும் கேக்கலையா? அவரை ஒரு நாளாவது பாராட்டினா வாய் கோணிக்குமா?”

“மெதுவா.”

அடுப்பில் கெட்டில் வீலென்று கத்தியது. அவள் அதை இறக்காமல் கூடத்துப் பக்கம் கண்ணைக் காட்டினாள். தர்சோனோ குனிந்த தலை நிமிராமல் திருகு கழற்றிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா? இந்தக் கத்து கத்துது. அவருக்குக் கேக்கலை.”

சமிரான் விழித்தான்.

“மெஷின் பக்கத்துலயே நின்ன காது. பேச்சு கேக்குது. இப்படிக் கீச்சுன்னு உச்சத்துல வர்ற சத்தம் எதுவும் கேக்காது. இனிமே திரும்பி வராதுன்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். முதல் பெட்டியைப் பாட விட்ட அன்னிக்கு, ‘குழல் வரலையே மர்’னு அப்படியே உக்காந்துட்டார். அந்த முகத்தைப் பாத்துட்டு நான் என்னத்தைச் சொல்ல? ‘எனக்கும் வரலை, பெட்டியிலதான் கோளாறு’ன்னுட்டேன்.”

பழத்தைத் திருப்பிப் போட்டாள்.

“கோளாறு மரத்துல இருக்குன்னா இழைச்சுக்கிட்டே இருப்பார். காதுலன்னு தெரிஞ்சா முடங்கிப் போயிடுவார், சமிரான்.”

“ஊர் உங்களை என்னென்னவோ பேசுது இபு.”

“பேசட்டுமே. எனக்குத்தான் எல்லாம் நல்லாக் கேக்குதே!” சிரித்தபடி கெட்டிலை இறக்கினாள். “உன்னைக் கேட்டார்னா நீயும் கேக்கலைன்னு சொல்லிடு.”

சுடச்சுட வாழைப்பழ வறுவல் தட்டோடு அவன் கூடத்துக்கு வந்தான். தர்சோனோ திருகு கழற்றுவதை விட்டுவிட்டுப் பெட்டியை மல்லாத்தி வைத்து, அதே பாட்டைச் சன்னமாக ஓடவிட்டிருந்தார்.

“நீ சொல்லு சமிரான். குழல் கேக்குதா?”

அந்த நேரம் பார்த்துத்தான் குழல் வந்துகொண்டிருந்தது. கரும்புப்பாகு மணக்கிற காற்றோடு கலந்து, கூரைக்கும் தரைக்கும் நடுவே எங்கோ தொங்கியது.

“இல்ல பாக். எனக்கும் கேக்கலை.”

தர்சோனோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“உனக்குமா? என் வீட்டு அடுப்படிக்குப் போயிட்டு வர்றவனுக்கெல்லாம் காது போயிடுதுப்பா!”

சமிரான் தட்டோடு அப்படியே நின்றான்.

“இங்க வா. இதைப் பாரு.”

பெட்டியிலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களில், உச்ச சத்தம் வரும் சின்னதன் மேல் ஒரு சிட்டிகை மரத்தூளைத் தூவினார். தூள் சும்மா கிடந்தது. குழல் மறுபடி வந்ததும் சிலிர்த்து எழுந்து, வெயிலில் பொன்னாய் மினுங்கி ஆடியது. குழல் ஓய்ந்ததும் படுத்துக்கொண்டது.

“இது ஆடுது, எனக்குக் கேக்கலை. அப்போ கோளாறு எங்கேன்னு தெரியாதா எனக்கு? முதல் பெட்டியிலேயே எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.”

“தெரிஞ்சுமா திரும்பத் திரும்பப் பிரிக்கிறீங்க? இபுகிட்டச் சொல்லிடலாமே, பாக்!”

அடுப்படியிலிருந்து காலடிச் சத்தம் வந்தது. தர்சோனோ அவசரமாய் மரத்தூளை ஊதித் தள்ளினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவ சந்தைக்கு, நான் ஆலைக்குன்னே எங்க காலம் போயிடுச்சுப்பா. இப்பத்தான் தினமும் சாயங்காலம் என் பக்கத்துல உக்காந்து ஒரு பாட்டை முழுசாக் கேக்குறா. பெட்டி சரியாயிடுச்சுன்னா எழுந்து போயிடுவாளே!”