சாட்சிக் கையெழுத்து

செங்கமலம் டாக்கீஸில் முப்பது வருஷம் பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுத்தவள் சிலுவாயி. "ரிப்பேர் முடிஞ்சதும் திறப்போம்" என்று முதலாளி சொன்னதை நம்பி, பூட்டிய கொட்டகையை ஞாயிறுதோறும் பெருக்கினாள். ஆபரேட்டராக இருந்த கணவன் இஞ்ஞாசியும் கூட வந்து நாற்காலிகளைத் துடைப்பான்.

ஒரு காலையில் இடிக்கும் இயந்திரம் வந்தது. அவள் கேட்டை மறித்து நின்றாள்.

"விக்க மாட்டேன்னு முதலாளி சத்தியம் பண்ணிருக்காரு!"

இயந்திரத்தோடு வந்தவர் பத்திரத்தை நீட்டினார். "வித்து எட்டு மாசமாச்சும்மா. சாட்சி யாருன்னு பாருங்க."

இஞ்ஞாசியின் கையெழுத்து.

பின்னால் நின்ற கணவனிடம் திரும்பினாள். "எட்டு மாசமா எதுக்குய்யா எங்கூட வந்து தொடச்ச?"

"நீ சந்தோசமா இருந்த..."

அவள் கேட்டை விட்டு விலகினாள். அவன் தோளைத் தொட வந்தபோது, அவனை விட்டும் விலகினாள்.