மார்த்தேனுக்கு உடம்பு சரியில்லை

சிகரெட் இரண்டு பாக்கெட், சர்க்கரை ஒரு கிலோ.

பையை மடியில் இடுக்கிக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தொராஜா மலைப்பாதை குண்டும் குழியுமாக இருந்தது. முதுகுப்பையோடு மூன்று வாரமாக இந்தோனேசியாவைச் சுற்றுகிறவளுக்கு இன்றைக்கு வாய்த்த ஒருநாள் சுற்றுலா, செத்தவர் ஒருவரின் வீடு.

மெனக்கெட்டுக் கடல் தாண்டி வந்து, போயும் போயும் துக்க வீட்டுக்கா? தன்னையே திட்டிக்கொண்டாள்.

வண்டி ஓட்டிய வழிகாட்டி யோஹானிஸ் ஒன்றையே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"செத்துட்டார்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. எங்க ஊர்ல அடக்கம் பண்ற வரைக்கும் யாரும் செத்தவர் இல்ல. மார்த்தேனுக்கு உடம்பு சரியில்ல. அவ்வளவுதான்."

மார்த்தேன் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

மர வீடு. வாசலில் அவர் மனைவி யூலியானா வெற்றிலைச் சிவப்பாகச் சிரித்தாள். பையை வாங்கிக்கொண்டு, சிகரெட்டை மட்டும் உள்ளே எடுத்துப்போய்க் கணவனின் தலைமாட்டில் வைத்தாள். காதருகே குனிந்து என்னவோ சொன்னாள்.

"இந்தியாவிலேர்ந்து உங்களைப் பார்க்க வந்திருக்காங்கன்னு சொல்றாங்க," என்றார் யோஹானிஸ்.

கட்டம் போட்ட கைலியில் படுத்திருந்தார் மார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தார். தோல் கறுத்துக் காய்ந்திருந்தது. உடம்பு கெடாமலிருக்கப் போட்ட மருந்தின் வாடை லேசாக அடித்தது. பக்கத்தில் ஒரு கோப்பைக் காப்பி, இப்போதுதான் ஊற்றியது.

பயப்படுவோம் என்று நினைத்திருந்தாள். அப்படியொன்றும் இல்லை.

அவளுக்கும் காப்பி வந்தது. தரையில் உட்கார்ந்து குடித்தாள்.

"இன்னும் எத்தனை நாள் வச்சிருப்பாங்க?"

"கடைசிப் பையன் மலேசியாவில, தோட்ட வேலை. லீவு கிடைக்கல. அவன் வந்து முகம் பார்க்காம எப்படி எடுக்கிறது?"

யோஹானிஸ் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அப்பா போனபோது அவள் துபாயில் இருந்தாள். அன்றைக்கென்று விமானம் தாமதம். மதுரையில் இறங்கி அண்ணனுக்குப் போன் போட்டால், "எடுத்தாச்சும்மா" என்கிறான். ராகு காலத்துக்கு முன்னால் எடுக்கச் சொன்னார்களாம். இரண்டு மணி நேரம். பெற்ற மகள் வந்துகொண்டிருக்கிறாள், இரண்டே இரண்டு மணி நேரம் பொறுக்க முடியவில்லை அவர்களுக்கு. அன்றைக்கு அண்ணனிடம் விட்ட பேச்சு, மூன்று வருஷம் ஆகிறது. ஆத்திரம் ஆறவே இல்லை.

இங்கே ஒரு மகனுக்காகப் பதினான்கு மாதமாகப் படுத்திருக்கிறார் ஒருத்தர்.

பார்க்காத அந்தக் கடைசிப் பையன் மேல் பொறாமையாக வந்தது. துக்க வீட்டில் உட்கார்ந்து பொறாமைப்படுகிறவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

காப்பி முடிந்தது. எழுந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, நேரே வெளியே வந்து செருப்பை மாட்டினாள். அவள் ஊரில் துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். சொல்லவே கூடாது. கால் அதன் பழக்கத்தில் நடந்துவிட்டது.

யோஹானிஸ் வண்டியைக் கிளப்பினார்.

யூலியானா பின்னாலேயே ஓடி வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினாள்.

"என்ன கோபமோ, சொல்லாமக் கிளம்பிட்டாங்களேன்னு அவர் வருத்தப்படுவாராம்," என்றார் யோஹானிஸ். "ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க."

"அவருக்கு என் பாஷை தெரியாதே."

"பரவாயில்ல. உங்க பாஷையிலேயே சொல்லுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே போனாள். யூலியானா வாசலோடு நின்றுகொண்டாள்.

தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவருடைய கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினாள். முகத்தை நன்றாகப் பார்த்தாள். அவசரப்படுத்த யாரும் இல்லை.

காதருகே குனிந்தாள்.

"போயிட்டு வரேன்ப்பா."

வெளியே வண்டி உறுமிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யோஹானிஸ் அதை அணைத்தார்.