பலவேசத்தின் சாவிக்கொத்து

"நேத்து வந்த பய இடுப்புல சாவிக்கொத்து தொங்குது. என் இடுப்புல என்ன தொங்குது?"

ஞானசம்பந்தம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"அதுக்கெல்லாம் ஒரு முகராசி வேணும்," என்று ரசத்தை ஊற்றினாள் மனைவி செண்பகவல்லி.

குற்றாலத்தில் வடிவம்மாள் ஆச்சியின் விடுதிக்கு அவர்தான் மேனேஜர். அறைச் சாவிகள் எல்லாம் அவர் மேஜைக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கும். ஆனால் அவை வருகிறவன் போகிறவன் எல்லாம் வாங்கிப் போகிற சாவிகள். விடுதி வேலைக்காரப் பையன் பலவேசத்தின் இடுப்பில் இருப்பது வேறு. ஒரு கைக்குள் அடங்காத கொத்து. அவன் நடந்தால் கோயில் யானை வருகிற மாதிரி சத்தம் கேட்கும்.

மேஜைக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்குக் கண் எப்போதும் அடுத்தவன் இடுப்பில்தான்.

ஆச்சியோ எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள். புருஷன் போன பிறகு பெட்டிச் சாவியைப் பெற்ற மகனிடம்கூடக் கொடுத்ததில்லை. அப்பேர்ப்பட்டவள், பலவேசம் வேலைக்கு வந்த அன்றைக்கே அந்தக் கொத்தை எடுத்துக் கொடுத்து, "இடுப்பை விட்டு எறக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டாள்.

சாவி மட்டுமா? தங்க வருகிறவர்களின் எண்ணெயும் துண்டும் சுமந்துகொண்டு ஐந்தருவிக்கு நடக்கிற வேலை அவனுக்குக் கிடையாது. மாடிப் பக்கம் கிடையாது. கிணற்றுப் பக்கம் கிடையாது. கீழே பெருக்குவான், பாய் விரிப்பான். தீர்ந்தது.

"அடுப்புப் பக்கமும் வரப்பிடாதாம். வந்தா மாப்பிள்ளை கறுத்துப் போவாரோ என்னமோ," என்றாள் வெந்நீர் போடுகிற மாடத்தி.

ஒரு நாள் ஞானசம்பந்தம் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே பலவேசம், அந்தக் கொத்துல எந்தச் சாவி எதுக்குலே?"

"ஆச்சிகிட்ட கேளுங்க அண்ணாச்சி. வச்சிருன்னு சொன்னாவ, வச்சிருக்கேன்."

"ஓகோ. எங்கிட்ட சொல்லக் கூடாத சாவி."

ஆடி மாதம். நல்ல சாரல், நல்ல கூட்டம். பிளஷர் காரில் வந்து இறங்கியிருந்த விருதுநகர் மிளகாய் வியாபாரி கூடத்தில் நின்று கத்தினார். அவருடைய வெள்ளிக் கூஜாவைக் காணோம்.

"சாவி யார் இடுப்புல இருக்கோ அவனைக் கேக்கணும். நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்று ஞானசம்பந்தம் வாயைத் திறந்தார்.

"போலீசைக் கூப்பிடுங்க," என்றார் வியாபாரி.

பலவேசத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் எடுக்கலை ஆச்சி. என்னைப் போகச் சொல்லிராதீங்க. இங்கன விட்டா என்னை ஒருத்தரும் சேக்கமாட்டாவ."

ஆச்சி ஏதோ சொல்ல வந்தாள். கூடி நின்றவர்களைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வியாபாரியின் மனைவி ஈரத் தலையோடு அருவியிலிருந்து வந்து சேர்ந்தாள். கையில் கூஜா.

"குடிக்கத் தண்ணி கொண்டு போனேன். ஏன், என்ன?" என்றாள்.

வியாபாரி காரைப் பார்க்கப் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது. ஞானசம்பந்தம் மட்டும் கலையவில்லை.

"இன்னைக்குத் தப்பிச்சான். நாளைக்கு? ஒண்ணு அந்தச் சாவி எங்கிட்ட வரணும். இல்லைன்னா நான் இப்பமே தென்காசி பஸ் ஏறிருதேன். இத்தனை கூட்டத்தையும் நீங்களே பாத்துக்கிடுங்க ஆச்சி."

ஆச்சி பலவேசத்தின் பக்கம் திரும்பினாள்.

"பலவேசம், அவுத்துக் குடுலே."

அன்று ஞானசம்பந்தம் கடைத்தெரு முழுக்கச் சுற்றி வீட்டுக்குப் போனார். இடுப்புக் கொத்தின் சத்தம் கேட்டுச் செண்பகவல்லி வாசலுக்கே வந்துவிட்டாள். இலையில் இரண்டு வடை கூடுதலாக விழுந்தது.

மறுநாள் மத்தியானம் ஆச்சி கண்ணயர்ந்த நேரம். ஞானசம்பந்தம் மெல்லப் போய்ச் சாமான் அறைப் பூட்டில் ஒரு சாவியை நுழைத்தார். சேரவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. கொத்து முழுவதும் பார்த்தாகிவிட்டது. பித்தளைப் பாத்திர அலமாரிக்குப் போனார், ஆச்சியின் இரும்புப் பெட்டிக்கும் போனார். விரலெல்லாம் துரு ஒட்டியதுதான் மிச்சம்.

"எதுக்கும் சேராது மேனேஜரே."

பின்னால் ஆச்சி நின்றுகொண்டிருந்தாள்.

"தென்காசிப் பழைய இரும்புக் கடையில எடைக்கு வாங்கினது. பூட்டுக்குன்னு வாங்கலை."

"அப்பம் எதுக்கு?"

"அந்தப் பயலுக்குக் காக்கா வலிப்பு. மாடியில இருந்தோ தண்ணியிலயோ தீயிலயோ விழுந்துரப்பிடாதுன்னுதான் அந்தப் பக்கமே விடுததில்லை. வேற எங்க விழுந்தாலும் சத்தம் கேட்டு ஆள் ஓடி வரணும். வந்தவன், கையில குடுக்க இரும்பைத் தேடி அலையப்பிடாது. நேத்து அத்தனை பேர் முன்னால இதைச் சொல்லியிருந்தா, நாளைப் பின்ன அவனை எவன் வேலைக்கு வச்சுக்கிடுவான்?"

ஞானசம்பந்தம் அவசரமாகக் கொத்தை அவிழ்த்து நீட்டினார்.

ஆச்சி வாங்கவில்லை.

"அவனுக்கு வேற வாங்கிட்டு வர ஆள் போயிருக்கு. இதை நீரே கட்டிக்கிடும். அவன் வியாதியாவது எப்பவாவதுதான் வருது."